ஒரு கம்பளி, இரண்டு பேர்: மலையகத்துத் தம்பதியரை வரைவது பற்றி

தம்பதியரின் நெருக்கத்தை வரைய உட்காரும் பலரும் முதலில் வரைவது கட்டிப்பிடித்து நிற்கும் இருவரைத்தான். மாலை வெயில், பின்னால் மலை, முகத்தோடு முகம். கலண்டரில் பார்த்துப் பழகிய நிலை அது. முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால் இரண்டு பொம்மைகளை ஒட்டவைத்தது போல் இருக்கும். அந்த இரண்டு உடலிலும் பாரம் இல்லாததுதான் காரணம். ஒருவர் தன் பாரத்தைக் கொடுத்திருக்கிறாரா, மற்றவர் அதை வாங்கியிருக்கிறாரா என்பது கோட்டில் தெரிய வேண்டும். அது தெரியாத படத்தில் எத்தனை அணைப்பு இருந்தாலும் நெருக்கம் வராது. தெரிந்துவிட்டால் இருவரும் தொட்டுக்கொள்ளக்கூட வேண்டியதில்லை.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் இதைக் கவனிக்க நல்ல வாய்ப்பு உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம், அதில் ஓர் அறை காம்பரா. பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. ஒரு கதவு, ஒரு யன்னல், முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. அதற்குள் மாமியார், பிள்ளைகள், சில வீடுகளில் கலியாணமான மகனும் மருமகளும்கூட. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் கணவன் மனைவியின் நெருக்கம் வேலைக்குள்தான் குடியிருக்கிறது. மழை நாளில் மலையிலிருந்து இறங்கி வந்த மனைவியின் கெண்டைக்காலில் ஒட்டிய அட்டையைக் கணவர் சவர்க்காரம் தேய்த்துக் கழற்றுகிறார். கொழுந்துப் பையை முதுகிலிருந்து இறக்க, பின்னால் நின்று கை கொடுக்கிறார். கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் வேலை) போய் வந்தவரின் தோளில் மனைவி தைலம் தேய்க்கிறார். உள்ளங்கையில் சீனியை வைத்துக் கடித்துக்கொண்டு, இருவரும் ஒரே அடுப்பைப் பார்த்தபடி வெறும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். வரைய வேண்டியவை இவைதான்.

வேலையோடு வரைவதில் ஒரு வசதியும் இருக்கிறது. “சும்மா பக்கத்தில் உட்காருங்கள்” என்றால் இருவருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. தோள் விறைத்துவிடும், முகம் புகைப்படத்துக்குத் தயாராகிவிடும். தைலப் போத்தலைக் கொடுத்து, வழக்கமாகச் செய்வதையே செய்யச் சொன்னால் நாலாவது நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார்கள். தேய்க்கும் கை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும். அந்தத் திரும்புதலில்தான் வரைய நேரம் கிடைக்கிறது. அசையாமல் இருக்கச் சொல்வதாக இருந்தால் 15 நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஒருவர் மற்றவர் தோளில் சாய்ந்த நிலையில் 10 நிமிடத்திலேயே கை மரத்துப்போகும். மரத்த கையின் பாரமும் சோர்ந்த கையின் பாரமும் வேறுவேறு. படத்தில் அது தெரியும்.

பாரத்தைக் கோட்டில் கொண்டுவருவதற்கு ஒரு பயிற்சி உண்டு. கரித்துண்டை நுனியில் பிடிக்காமல், 3 சென்ரிமீற்றர் அளவுக்கு உடைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள். A3 அளவுக் கடதாசியில் ஒரு நிமிடப் படங்களாக 20 போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேரையும் ஒரே திட்டாக வையுங்கள். இரண்டு தலை, ஒரே உடல் என்பது போல. கண், மூக்கு எதுவும் வேண்டாம். தனித்தனியாக ஒருவரை முடித்துவிட்டு மற்றவரைப் பக்கத்தில் சேர்ப்பதுதான் மிகப் பொதுவான பிழை. அப்படிச் செய்தால் முதலாமவர் தனியாக நிற்கும் சமநிலையில் வரையப்பட்டுவிடுவார். இரண்டாமவர் வந்து சாய்ந்தாலும் அவர் உடல் அதற்கு இடம் கொடுத்திருக்காது.

அடுத்து தூக்குநூல். ஒரு நூலில் சாவியைக் கட்டிக் கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். தனியாக நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து நூல் விட்டால் பாரம் தாங்கும் காலுக்கு அருகில் விழும். சாய்ந்திருப்பவரின் கழுத்துக் குழியிலிருந்து விட்டால் அவருடைய காலுக்கு வெளியே, மற்றவர் பக்கமாக விழும். அந்த இடைவெளிதான் அவர் கொடுத்திருக்கும் பாரம். பாதத்தின் அகலத்தில் பாதி விலகினாலே கண் அதைப் பிடித்துவிடும். படத்தில் நூல் காலுக்குள்ளேயே விழுந்தால், சாய்ந்திருப்பதாக நடிக்கிறார் என்று பொருள். வாங்குபவரின் உடலிலும் பதில் இருக்க வேண்டும்: பாரம் வந்த பக்கத்துத் தோள் சற்றே இறங்கும், இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளும், அந்தக் காலின் குதி மண்ணில் அழுந்தும். இந்த மூன்றில் ஒன்றையாவது வரையாமல் விட்டால் தாங்குபவர் மரத்தூண் ஆகிவிடுவார்.

தொடாமல் உட்கார்ந்திருப்பவர்களை வரையும்போது பாரத்தின் இடத்தை இடைவெளி எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் முன்னால் இஸ்தோப்பில் உட்காரும் தம்பதியர் ஒரு முழம் தள்ளியே இருப்பார்கள். முதலில் அந்த முழத்தை வரையுங்கள். இருவருக்கும் நடுவில் தெரியும் சுவர் என்ன வடிவம்? மேலே அகன்று கீழே ஒடுங்குகிறதா, நேர்ச்சதுரமா? சதுரமாக இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருவர் போல் தெரியும். நெருக்கமானவர்களிடம் அந்த வடிவம் எங்காவது கோணலாகும்: முழங்கால் ஒன்று திரும்பியிருக்கும், தலை இரண்டும் ஒரே பக்கம் சரிந்திருக்கும். எங்கள் கைப்பழக்கத்தில் ஓர் அளவு உண்டு. நடு இடைவெளி ஒரு தலை அகலத்துக்குள் இருந்தால் நெருக்கமாகப் படும். இரண்டு தலை அகலத்தைத் தாண்டினால் பிரிவாகப் படும். தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது ஒன்று பாலமாக வேண்டும். கோப்பை, கூடைக் கயிறு, இருவரும் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழியும் ஈரச் சேலை. பிழியும் சேலை மிக நல்ல பாலம். இருவரும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பார்கள், ஆனால் ஒருவர் விட்டால் மற்றவர் விழுவார். தண்ணீர் பிடிக்கவும் துவைக்கவும் கூடும் பீலிக்கரையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இதை வேண்டிய மட்டும் பார்க்கலாம். அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

நெற்றியோடு நெற்றி வைத்திருக்கும் நிலையை வரைய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். இரண்டு முகத்தையும் முழுப் பக்கவாட்டில், ஒரே உயரத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் வெளி ஒரு பூச்சாடி வடிவத்தில் நிற்கும். பார்ப்பவர் கண் சாடியைத்தான் பார்க்கும். ஒரு முகத்தை மூன்று விரற்கடை கீழே இறக்குங்கள். மற்றதை முக்கால்வாசி திருப்புங்கள். ஒரு மூக்கு மற்றக் கன்னத்தைக் கொஞ்சம் மறைக்கட்டும்.

கைகள். கொழுந்து பறிக்கும் கையின் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கும். ரேகை வெடிப்புகளுக்குள் அது போகவே போகாது. அதை அழுக்கென்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அழகுபடுத்தவும் வேண்டாம். அந்தக் கறை இருக்கும் விரல் இன்னொருவர் கன்னத்தில் பட்டிருக்கும்போது தொடும் தோல் எது, தொடப்படும் தோல் எது என்று பார்ப்பவருக்குக் கேட்காமலே விளங்கும். அளவுக்கு: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, நாடியிலிருந்து நெற்றியின் நடு அல்லது மயிர்க்கோடு வரை வரும். ஆரம்பத்தில் எல்லோரும் கையைச் சிறிதாகவே போடுவார்கள். விரல்கள் கோத்த நிலையை ஒவ்வொரு விரலாகத் தொடங்கினால் நிச்சயம் ஆறாவது விரல் வந்துவிடும். இரண்டு கையையும் சேர்த்து ஒரு கட்டையாக, ஆப்பு வடிவில் வெட்டுங்கள். பிறகு யாருடைய கட்டைவிரல் மேலே என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் விரல் முட்டிகளின் வரிசை. நகம் கடைசி, அதுவும் இரண்டு மூன்று போதும்.

தோலும் தோலும் சேரும் கோட்டைக் கறுப்பால் போடக் கூடாது. வெளிச்சம் ஒரு தோலில் பட்டு மற்றதில் தெறித்து மறுபடி திரும்புவதால் அந்த இடம் இருட்டாக இருந்தாலும் செம்மையாக இருக்கும். எரித்த சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தோடு ஒரு துளி அலிசரின் சிவப்புக் கலந்து, மெல்லிய கோடாக, ஓரங்களைச் சற்றுக் கரைத்துப் போடுங்கள். கறுப்புப் போட்டால் இருவரையும் வெட்டிப் பிரித்தது போலாகிவிடும். மற்ற நிழல்களுக்கு எரித்த சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் போதும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தோல் நிறம் கலக்காதீர்கள். வெயிலில் மண் கிளறுபவரும் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், நிற்பவரும் ஒரே நிறமாக இருப்பதில்லை.

இனி கம்பளி. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில். மலைநாட்டில் இரண்டு பேர் ஒரு கம்பளிக்குள் இருப்பது வாழ்க்கையில் சாதாரணம், படத்தில் பெரிய வாய்ப்பு. உடலை மூடியபடியே உடலைக் காட்டலாம். வீட்டில் மாட்டலாம், பிள்ளைகள் பார்க்கலாம். ஆனால் கம்பளியைச் சேலை போல மடிப்பு மடிப்பாக வரைந்தால் எல்லாம் கெட்டது. சேலை மெல்லியது, அதன் மடிப்பு கூர்மையாக, நிறைய, நீளமாக விழும். கம்பளி தடித்தது, மடிப்பு குறைவு, உருண்டை, வளையும் இடத்தில் அகலம். ஒரு முழு உருவத்துக்கு 5 அல்லது 6 பெரிய மடிப்பு போதும்.

மடிப்புகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று தேடுங்கள். கம்பளி தாங்கும் இடங்கள் நான்கோ ஐந்தோதான்: உயரமான தோள், இழுத்துப் பிடித்திருக்கும் கை, மடக்கிய முழங்கால். இழுவை மடிப்பு ஒரு தாங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு நேராக ஓடும். இரண்டு பேருக்கு நடுவில் கம்பளி எதன் மேலும் தங்காமல் தொய்யும். அந்தத் தொய்வின் ஆழம்தான் இருவருக்கும் இடையிலான தூரம். ஆழமான தொய்வு என்றால் கம்பளிக்குள்ளும் விலகியிருக்கிறார்கள். தொய்வே இல்லாமல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு நேராகப் போனால் ஒட்டியிருக்கிறார்கள். முகம் வரையாமலே இதைச் சொல்லிவிட முடியும் என்பதுதான் கம்பளியின் பெரிய உதவி. யார் நுனியைப் பிடித்திருக்கிறார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். ஒருவரே இரண்டு நுனியையும் பிடித்தால் அவர் மற்றவரைப் போர்த்துகிறார். ஆளுக்கொரு நுனி என்றால் பங்கு. வெளியே தெரியும் கை ஒன்றே ஒன்றாக இருந்தால், மற்ற மூன்று கைகளும் எங்கே என்று பார்ப்பவர் மனம் தானாகத் தேடும். அந்தத் தேடலைப் படம் கெடுக்கக் கூடாது. கம்பளிக்கு மேலே கையின் வடிவத்தைப் புடைத்துக் காட்ட வேண்டியதில்லை.

வெளிச்சத்தில் இங்கே இரண்டு வகை வந்து வாய்க்கும். பகலில் மூடுபனி வெளிச்சம்: எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், நிழல் மெல்லியது, உருவம் தட்டையாகத் தெரியும். தெளிவு வேண்டுமென்றால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் கதவோரத்தில் உட்கார வையுங்கள். மதியத்துக்குப் பிறகு பல நாட்களில் பனி இறங்கிவிடும். இரவில் அடுப்பு வெளிச்சம்: கீழிருந்து வருவது. நேராக உட்கார்ந்தவர் முகத்தில் அது பட்டால் கண்குழி வெளிச்சமாகி, நெற்றி இருண்டு, பேய்க்களை வந்துவிடும். இருவரையும் அடுப்பை நோக்கிக் குனியச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைச் சாரத்தை (கைலி) கட்டித் தொங்கவிட்டு, தெறிக்கும் வெளிச்சத்தை முகத்துக்கு எடுங்கள். புகை படிந்த சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதால் உருவங்களின் முதுகு ஓரம் இருட்டோடு கலந்து போகும். கலந்து போகட்டும், அங்கே கோடு இழுத்து மீட்காதீர்கள். முதுகுகள் இருட்டுக்குள் போய், முன்பக்கம் மட்டும் ஒரே தீயைப் பகிர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மனிதரை வரையத் தேயிலையையே சாயமாக எடுக்கலாம். நிறம் நன்றாகப் பொருந்தும், செலவும் இல்லை. டஸ்ட் தேயிலை 20 கிராம், தண்ணீர் 250 மில்லிலீற்றர். மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, துணியில் இரண்டு தரம் வடிகட்டி, மறுபடி 100 மில்லிலீற்றராக வற்ற வையுங்கள். ஆறியதும் கம் அரபிக் என்ற பிசின் ஒரு தேக்கரண்டியும், பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கராம்பு எண்ணெய் இரண்டு துளியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் வரும். மேலே வெண்பாடை தெரிந்தால் கொட்டிவிடுங்கள். கம் கூடினால் காய்ந்த பிறகு பளபளத்து வெடிக்கும், இல்லாவிட்டால் சாயம் கடதாசிக்குள் இறங்கி மங்கிவிடும்.

ஒரு பூச்சுக்கு வெளிறிய காவி நிறம் வரும். மாநிறத்துக்கு 3, 4 பூச்சு. கறுத்த தோலுக்குத் தேயிலை மட்டும் போதாது. 6 பூச்சுக்கு மேல் போனால் கடதாசி சோர்ந்துவிடும், அடர் இடங்களில் எரித்த அம்பர் என்ற அடர் பழுப்பு வண்ணம் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்க மனமில்லாமல் எல்லோரையும் வெளிறிய நிறத்தில் விட்டுவிடும் படங்களை நிறையப் பார்க்கிறோம். அது இந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய வேண்டும். தேயிலைச் சாயம் ஈரம் பட்டால் திரும்பக் கிளம்பும். ஆகவே தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பு, போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது.

இருளுக்கு இரும்புநீர். எண்ணெய் போகச் சவர்க்காரத்தில் கழுவிய இரும்புக் கம்பளி (பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் வூல்) ஒரு கைப்பிடியை வெள்ளை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவிடுங்கள். போத்தலின் மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு உண்டாகும், இறுக்கினால் வெடிக்கக்கூடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். பிறகு வடிகட்டிக்கொள்ளுங்கள். தேயிலைப் பூச்சு காய்ந்த இடத்தில் இந்த நீரைத் தொட்டால், தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கண் முன்னாலேயே சாம்பலாகி, கொஞ்ச நேரத்தில் கறுக்கும். முதலில் வெளிறித்தான் தெரியும். அவசரப்பட்டு இன்னொரு தரம் பூசினால் அரை மணிக்குப் பிறகு மிஞ்சிய கறுப்பு வந்து நிற்கும். இரண்டையும் ஒரே கோப்பையில் முன்கூட்டியே கலந்தால் மண்டி அடியில் தங்கி, கோடு கரடுமுரடாகும். இரும்பும் அமிலமும் சேர்ந்த மை ஆண்டுகள் போகப் போகக் கடதாசியை அரிக்கும். ஆகவே கூந்தல், கம்பளியின் ஆழ மடிப்பு, அடுப்பு வாய் என்று சில இடங்களோடு நிறுத்துங்கள். முகத்தில் வேண்டாம்.

கடதாசி சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசியாக இருக்கட்டும். 5 நிமிடம் தண்ணீரில் நனைத்துப் பலகையில் விரித்து, பசைத்தாள் நாடாவால் நாலு பக்கமும் ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் படுக்கையாகவே காயவிடுங்கள். மாஸ்கிங் டேப் இந்த ஈரத்தில் கழன்றுவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை காலத்தில் ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் நீர்வண்ணம் காயவே காயாது. அந்த மாதங்களில் கரிப்படங்களுக்குப் போய்விடுவது நல்லது. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்று வறண்டிருக்கும். ஒக்ரோபர் தொடங்கினால் அங்கேயும் மழைத் தொல்லை. எண்ணெய் வண்ணம் எடுப்பவர்கள் பூச்சை மெல்லியதாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியிலிருந்து கரி எடுக்கலாம். பென்சில் தடிப்புக் குச்சிகளைப் பட்டை உரித்து, நன்றாகக் காயவைத்து, பால்மா ரின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு அடுப்புத் தணலில் வையுங்கள். ஓட்டையிலிருந்து புகை நின்றதும் எடுங்கள். முழுதாக ஆறும் முன் மூடியைத் திறந்தால் உள்ளே தீப்பற்றிச் சாம்பல்தான் மிஞ்சும். இந்தக் கரி கொஞ்சம் கடினம்; விரல், இமை, தாலிக்கயிறு போன்ற மெல்லிய கோடுகளுக்கு நல்லது. அகலத் திட்டுக்குக் கடைக்கரி. கரி நிலைக்கத் தெளிக்கும் திரவத்தை மூடுபனி நேரத்தில் அடித்தால் வெண்மூட்டம் படியும். வெயில் நேரத்துக்குக் காத்திருங்கள்.

சம்மதம் பற்றி. அதைப் பேசாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; ஒருவர் முன்னால் மற்றவரிடம் கேட்டால் வருவது சம்மதம் ஆகாது. “அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்று ஒருவர் கேள்விக்கு மற்றவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், தொட்டதும் ஒருவர் தோள் சுருங்கினால், அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அங்கே இருப்பது பயம். பயத்தின் மேல் அழகான கோடு போட்டால் அது பொய்யாகிவிடும், அந்தப் பெண்ணுக்குத் துரோகமுமாகிவிடும். வயது 18க்குக் கீழ் என்றால் பேச்சே இல்லை. எழுதி வாங்க வேண்டியவை: படத்தில் என்ன தெரியும், எங்கே காட்டப்படும், கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பரப்பலாமா, பிறகு வேண்டாமென்று தோன்றினால் யாரிடம் சொல்வது. வரைந்து முடித்ததும் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள் இருவரும்தான். ஆடை குறைந்த படங்களைப் பொதுவில் வைப்பதென்றால், இலங்கையின் 1927ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. சேலையின் கரை, பச்சை குத்திய முன்கை, யன்னல் மறைப்புத் துணி, இவற்றில் ஒன்றே போதும், இன்ன லயம், இன்ன காம்பரா என்று சனம் சொல்லிவிடும். ஆகவே அடையாளங்களில் இரண்டையாவது மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. அந்த வரம்பு யாரையும் ஊர் வாயில் போடாமல் காப்பாற்றியது, கேட்கிற எவரும் அதைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளவும் இடம் விட்டது. குறிஞ்சிக்கு மலையும் நள்ளிரவும் கூதிரும் முன்பனியும் பொழுதாகவும் நிலமாகவும் வைத்து, கூடலை அதன் பொருளாக்கினார்கள். மனிதரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அருவியையும் தேனடையையும் மூங்கிலையும் பேசவிட்டார்கள். வரைபவருக்கும் இது கைகொடுக்கும். காம்பராக் கதவு சாத்தியிருக்க, வெளியே இஸ்தோப்பில் இரண்டு சோடி ஈரச் செருப்பு. கொடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் காயும் சட்டையும் சேலையும். ஒரே ஆணியில் தொங்கும் படங்கும் (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணி) மழைச்சட்டையும். ஆட்களே இல்லாத இந்தப் படங்களை எந்தச் சுவரிலும் மாட்டலாம்.

ஊரறியக் காதலைக் காட்டும் வழியும் மலையகத்தில் இருக்கிறது: மாசி மாதத்துக் காமன்கூத்து. சிவனின் நெற்றிக் கண்ணில் எரிந்துபோகும் மன்மதனும் அவனுக்காகப் புலம்பும் ரதியும் தோட்டத்தின் நடுவில், எல்லோர் கண் முன்னாலும் கணவன் மனைவியாக நிற்கிறார்கள். மரபில் ரதி வேடத்தையும் ஆணே போடுவார். இருவரும் கட்டிக்கொள்வதில்லை, தப்பு என்ற பறையின் அடிக்கு ஒரே அடியெடுத்து ஆடுவதே அவர்களைச் சோடியாக்குகிறது. இதைப் பார்த்து விரைவுப்படம் போடுவது மிக நல்ல பள்ளிக்கூடம். இருவரின் தலைச் சரிவுக் கோணம், தூக்கிய முழங்காலின் கோணம், இரண்டையும் மட்டும் கோடாக எடுங்கள். கோணங்கள் ஒத்துப்போகும்போது மூன்று அடி தள்ளி நிற்பவர்கள்கூட ஒன்றாகத் தெரிவார்கள். எரிந்த பிறகு ரதி தனியே ஆடும்போது, பக்கத்தில் முன்பு அவன் நின்ற அளவுக்கு வெற்றிடம் விட்டு வரையுங்கள். தாளின் நடுவில் அவளை நிறுத்தினால் அந்த இழப்பு வராது.

அந்த வெற்றிடம் இன்று பல காம்பராக்களில் இருக்கிறது. கணவர் கொழும்பில் கடையில், அல்லது மனைவி வளைகுடா நாட்டில் வீட்டு வேலையில். இருவருக்கும் நடுவில் ஒரு கைத்தொலைபேசி. இந்தப் பிரிந்த தம்பதியரை வரையாமல் மலையகத்து நெருக்கத்தை வரைந்ததாகச் சொல்ல முடியாது. திரையின் வெளிச்சம் நீலம் கலந்து கீழிருந்து வரும், மின்குமிழின் வெளிச்சம் மஞ்சளாக மேலிருந்து வரும். நாடி, மூக்கின் அடி, மேலிமை மூன்றிலும் குளிர்ந்த நீலத்தை மெல்லிசாக வையுங்கள். மற்றதெல்லாம் தேயிலை நிறம். திரைக்குள் இருக்கும் முகத்தை வரைய வேண்டாம். வரைந்தால் பார்ப்பவர் கண் அந்தச் சின்னச் சதுரத்துக்குப் போய் நின்றுவிடும். பாயில் அவர் ஒரு பக்கமாகப் படுத்திருக்க, மற்றப் பாதி சுருக்கமில்லாமல் இருக்கட்டும். இங்கும் பாரம்தான்: தொலைபேசியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டு நீண்ட நேரப் பேச்சில் தலையணையில் விழுந்திருக்கும். விறைத்துப் பிடித்த கையை வரைந்தால் இப்போதுதான் அழைப்பு வந்தது போலாகும்.

முடிந்த படங்களுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நீடித்தால் கடதாசியில் பழுப்புப் புள்ளிகள் கிளம்பத் தொடங்கும். இங்கே மழை மாதங்களில் அதைத் தாண்டாத நாள் அரிது. மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், படங்களுக்கு இடையில் அமிலமற்ற தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைத்து மறுபடி போடுவதென்று தெரியும். படம் முழுதாகக் காயும் முன் பெட்டிக்குள் போனால், பெட்டியே பூஞ்சை வளர்க்கும்.

தம்பதியருக்கு அவர்களுடைய படத்தைக் கொடுக்கும்போது மாட்டும் இடத்தையும் பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் வேண்டாம், உள்ளே காம்பராவைப் பிரிக்கும் சுவரில் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே புகை, யன்னலுக்கு எதிரே வெயில். வெயில் பட்டால் தேயிலை நிறம் வெளிறும். சட்டகத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் தக்கையை அரைவிரல் தடிப்பில் வெட்டி ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போக அந்த அரைவிரல் போதும்.